துண்டு போர்த்திய மைக்

ரயில்வேயில் தந்தி அடிக்கச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, காதில் விழுவதைப் புரிந்துகொள்ள முயலக் கூடாது என்பதுதான். புரிந்துகொள்ள நின்றால் கை பின்தங்கிவிடும். கருவி அடிக்கும், காது எடுக்கும், கை எழுதும். தாளை மடித்துக் கொடுக்கும்போதுதான் யாரோ இறந்திருக்கிறார்கள் என்பது நமக்கே தெரியவரும். இன்னொரு விதியும் உண்டு. செய்தியில் எண் வந்தால், முடிவில் அந்த எண்ணை மட்டும் மறுபடி அடிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பி அடித்துக் காட்டுவார். சொல்லில் ஓர் எழுத்து தவறினால் ஊகித்துக்கொள்ளலாம். எண் தவறினால் ஊகிக்க வழியில்லை.

இந்த இரண்டு விதிகளோடு திண்டிவனத்தில் ஆறு வருடம், பிறகு விழுப்புரத்தில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் கை வழியாக எத்தனையோ ஆயிரம் செய்திகள் போயிருக்கும். ஒரு செய்தியைத் தவிர, அவற்றில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. நானாக யோசித்து, நானாக வரைந்து, வெளியே அனுப்ப நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: கையால் செய்த ஒரு கண்டன்சர் மைக்கின் சர்க்யூட். அந்தத் தாளின் மூலையில் என் பெயர் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை.

அதை என்னோடு சேர்ந்து செய்த நண்பர் பழக்கமானது திண்டிவனத்தில். ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட்டும் வைத்திருந்தார். ஒருநாள் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய், வேறொன்று கேட்டு மெட்ராஸுக்குத் தந்தி கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தார். எழுதிக் கொடுத்த தாளில் வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆம்பியர் இருந்தது. சுட்டிக்காட்டினேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இத்தினி நாளா இங்கியா இருந்தீங்க?"

"நாலு வருஷமா இருக்கேன்."

"நாலு வருஷத்த வேஸ்ட் பண்ணிட்டமே அண்ணே!"

என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். முதல் நாளே அண்ணே. எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் வாய்க்கு வந்தபடி கூப்பிடுவது வேறு. இவர் கூப்பிட்டபோது அது என்னைத்தான் என்று இருந்தது.

அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்குத் தன் செட்டோடு என்னையும் அழைத்துப்போனார். அவரிடம் இருந்தது பழைய கார்பன் மைக். உள்ளே கரிமணிகள் அடைத்த சிறு குப்பி இருக்கும். பேச்சு பட்டால் மணிகள் நெருங்கி விலகும், அதற்கேற்ப மின்சாரம் ஏறி இறங்கும். வாயை ஒட்டிவைத்துக் கத்தினால்தான் எடுக்கும். யார் பேசினாலும் சளி பிடித்த குரலாகத்தான் கொம்பு ஸ்பீக்கரிலிருந்து வரும். தாலி கட்டி முடித்துப் பந்திக்கு ஆட்கள் எழுந்ததும், நண்பர் மைக்கின் கழுத்தை வளைத்துத் தரையைப் பார்க்கக் கவிழ்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

"சுவிட்ச் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ பூடுச்சிண்ணே. இப்பிடிக் கவுத்துட்டு ஒரு துண்டப் போட்டா தூங்கிடும். அப்பறம் பக்கத்துல ஒக்காந்துக்கினு குடும்பக் கத பேசினாலும் அதுக்குக் கேக்காது."

உண்மைதான். கவிழ்த்தால் கரிமணிகள் ஒரு பக்கமாகச் சரிந்து தொடர்பு விட்டுப்போகும். அந்தப் பக்கத்து மைக் செட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். துண்டு விழும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். துண்டு விழுந்ததும் வாடகை பாக்கி, மாப்பிள்ளை வீட்டாரின் யோக்கியதை, சமையல்காரன் எடுத்து ஒளித்த நெய் என்று எல்லாம் மைக்கின் காலடியிலேயே பேசப்படும்.

விழுப்புரத்துக்கு மாற்றல் வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. வார ஓய்வு நாளில் காலைப் பாசஞ்சரில் திண்டிவனம், மாலைப் பாசஞ்சரில் திரும்புவது. திருவக்கரைக் கோயிலுக்குப் பௌர்ணமிக் கூட்டம் போகும் நாட்களில் அவர் செட் அங்கே போய்விடும். அந்த வாரம் மட்டும் என் நாட்குறிப்பில் 'போகவில்லை' என்று இருக்கும். ஐந்து வருடம் இப்படி. நாட்குறிப்பில்கூட எழுதாத ஒன்றை நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நானும் என் மனைவியும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததையும், இனிமேல் எங்களுக்குக் குழந்தை இல்லை என்று டாக்டர் சொன்னதையும் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, மாலைப் பாசஞ்சர் நேரம்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதையும் நான் மறக்கவில்லை.

கண்டன்சர் மைக் என்ற எண்ணம் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்தது. அட்டையும் கடைசிப் பக்கங்களும் இல்லாத புத்தகம். தத்துவம் எளிது. ஒரு பித்தளைத் தட்டு. அதற்கு முன்னால் தொட்டும் தொடாமல் ஒரு மெல்லிய அலுமினியத் தாள். தட்டுக்கு வோல்ட் கொடுத்து வைத்தால், பேச்சு பட்டுத் தாள் அசையும்போது மிகமிகச் சிறிய மின்மாற்றம் உண்டாகும். அதைச் சிந்தாமல் பிடித்து, பெருக்கித் தரும் ஒரு ரேடியோ வால்வின் வாயில் ஊட்ட வேண்டும். புத்தகத்தில் இவ்வளவும் இருந்தது. எப்படி ஊட்டுவது என்ற சர்க்யூட் இருக்க வேண்டிய பக்கம்தான் கிழிந்திருந்தது. ஆகவே அந்த சர்க்யூட்டை நானே போட்டேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பித்தளைத் தட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வழவழப்பாக்கி, துளைகள் போட்டு, பெட்டி செய்தவர் அவர். தட்டுக்கும் தாளுக்கும் நடுவே வைக்க, பழுதான இஸ்திரிப் பெட்டியின் மைக்கா என்ற அப்பிரகத் தகட்டை உரித்து வளையம் வெட்டியவரும் அவரே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு விரல்கள் நன்றாக வாய்த்திருந்தன. சர்க்யூட் முழுவதும் என்னுடையது. வீட்டுக் கரண்டில் ஓட்டினால் 'உம்' என்ற இரைச்சல் வரும் என்று, கிராமத்து ரேடியோக்களில் போடும் பாட்டரி வால்வையே எடுத்தேன். தட்டுக்கு வேண்டிய தொண்ணூறு வோல்ட்டுக்கு, ரேடியோவுக்கு இனி உதவாது என்று தூக்கிப்போட்ட பாட்டரியே போதும் என்று கண்டேன்; அந்தத் தட்டு வோல்ட்டைக் கேட்குமே தவிர மின்சாரத்தைக் குடிக்காது. வால்வைத் தட்டினால் மணி அடித்ததுபோல் ஒலித்தது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அதில் ஊஞ்சல்போல் தொங்கவிட்டேன். ஐந்து வால்வுகளைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓர் இடத்தில்தான் எட்டு மாதம் நின்றேன். வால்வின் வாயில் போடும் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. அது நூறு மெகோம் இருக்க வேண்டும். குறைந்தால் குரலின் அடிப்பகுதி முழுவதும் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். கொசு பேசுவதுபோல் மேல்பகுதி மட்டும் மிஞ்சும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பத்து மெகோமுக்கு மேல் கடையில் கிடையாது. கடைசியில் பென்சிலால் ஒன்று செய்தேன். மைக்கா துண்டில் ஒரு கோடு. பென்சில் கரியும் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா. கோடு மெலிந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ரயில்பாதையோரத் தந்திக் கம்பிகளைச் சோதிக்க ஸ்டேஷனில் கைப்பிடி சுற்றும் ஒரு பெட்டி இருந்தது. மெக்கர் என்போம். மதிய ஓய்வில் அதைச் சுற்றிச் சுற்றி அளந்தேன். ரப்பரால் ஒருமுறை லேசாகத் தடவினால் பதினைந்து, இருபது மெகோம் ஏறும். நாற்பத்தொன்றாவது துண்டில் முள் நூறில் நின்றது. ஈரக்காற்று படாமல் உடனே மெழுகில் முக்கினேன். நாற்பத்தொரு துண்டுகளின் அளவும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

முதலில் கேட்டது விழுப்புரம் வீட்டில். மைக்கைக் கூடத்தில் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டினேன். சமையலறையில் என் மனைவி கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையின் சத்தம், வளையல் அதில் இடிப்பது, மாவு தாம்பாளத்தில் விழும் மெல்லிய ஓசை எல்லாம் காதுக்குள் விழுந்தன. பிறகு ஒரு குரல்: "காதுல மாட்டிக்கினு ஒக்காந்தா அடுப்பு தானா எரியுமா."

"அடுப்பு எரியும்னு யாரு சொன்னா?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

சல்லடையோடு வாசலில் வந்து நின்றாள். "நான் மனசுலதானே சொன்னேன்?"

"வாயிலதான் சொன்னே."

"அப்ப இந்த ஊட்டுல இனிமே ஒருத்தி முணுமுணுக்கக்கூட முடியாதா? நல்ல மிஷின் செஞ்சீங்க, போங்க."

மறுவாரம் அதை நண்பரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவிட்ச் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மைக்கில் ஒரு சுவிட்ச் வைத்தே ஆகவேண்டும் என்றார். நான் மறுத்தேன். அந்த இடத்தில் சுவிட்ச் வைத்தால் அதன் வழியே கசிவு வரும். போடும்போதும் எடுக்கும்போதும் கொம்பில் வெடிச் சத்தம் கேட்கும். அடங்கி நிலைக்கு வர நேரமாகும்.

"சுவிட்ச் இல்லாத மைக்க எவன் வாங்குவான் அண்ணே?"

"ஒங்க கார்பன் மைக்குல மட்டும் சுவிட்ச் இருக்கா?"

"அதுக்குத்தான் துண்டு இருக்கே," என்று சிரித்து விட்டுக்கொடுத்தார். இந்த மைக்குக்குத் துண்டு போதாது என்று அப்போதே நான் விளக்கியிருக்க வேண்டும். உள்ளே சரிய இதில் கரியே இல்லை. எப்படிக் கவிழ்த்தாலும் கேட்கும். இது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஐந்து வருடம் என்னோடு கூடவே இருந்தவர்.

சர்க்யூட்டைச் சுத்தமான தாளில் வரைந்தேன். என் வழக்கப்படி படத்தில் வரிசை எண்கள் மட்டும். எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்ற பட்டியல் தனியே என் நாட்குறிப்பில். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டு, 'சர்க்யூட்' என்று என் பெயரும் 'கட்டுமானம்' என்று அவர் பெயரும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, "எம் பேரு கீழ இருக்கே அண்ணே," என்றார். பிறகு, "கெடக்குது, ரெண்டு பேரும் இருக்கோமில்ல," என்றார். மெட்ராஸில் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் ஒருவரை அவருக்குத் தெரியும். அவரை வரவழைத்துக் காட்டி, பிடித்திருந்தால் அந்தத் தாளைக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். மைக் வெளிவரும்போது இரண்டு பெயர்களும் கூடவே வரும் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான். நான் கேட்கவில்லை.

மெட்ராஸ்காரர் வந்தது மாசியில், ஒரு கல்யாணத்தன்று. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் ஒரு வியாபாரியின் வீட்டு விசேஷம். சாயங்காலம் வரவேற்பில் பாட்டுக் கச்சேரி இருந்தது. அதைப் புது மைக்கில் அவர் கேட்பதாக ஏற்பாடு. நான் மதியமே போய்விட்டேன். மைக்கைப் பந்தல் மேடையில் நிறுத்தி இணைத்ததும் கொம்பு ஊளையிட்டது. எதிர்பார்த்ததுதான். நாலு பக்கமும் கேட்கும் மைக் அது. பக்கத்தில் கொம்பு இருந்தால் தன் சத்தத்தையே தான் கேட்டுக்கொண்டு கத்தும். பந்தலுக்குள் இருந்த கொம்பின் ஒயரை நானே கழற்றிவிட்டேன். தெருவில் இருந்த இரண்டும், மரக்காணம் சாலை முனையில் கம்பத்தில் கட்டிய கடைசிக் கொம்பும் மட்டும் வேலை செய்தன. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தவை. மேடையில் நிற்பவருக்குத் தன் குரல் வெளியே போகிறதா என்பது தெரியாது.

நண்பர் மேடையில் நின்று பேசுவது, நான் ஒவ்வொரு கொம்பின் கீழும் நின்று கேட்டுக் குறித்துக்கொள்வது என்று வேலை. மணி நாலு. முதல் இரண்டும் நன்றாக இருந்தன. கடைசிக் கொம்புக்குப் போனேன். கீழே ஒரு டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தேன். நண்பரின் குரல் ஒன்று முதல் பத்துவரை எண்ணியது. சளி இல்லாத, சுத்தமான குரல்; எண்களுக்கு நடுவில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. 'மூச்சு தெளிவு' என்று எழுதினேன். பிறகு துணி உரசும் சத்தம். அதற்கப்புறம் ஒரு புதுக் குரல், சற்றுத் தள்ளி நிற்பவருடையது. மெட்ராஸ்காரர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. குரல் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எடுக்க முடிந்தது. 'பேசும் தூரம் சுமார் எட்டு அடி' என்று எழுதினேன். என் கை நிற்கவில்லை. கேட்பதை எழுதும் கை அது. இது அந்தப் பக்கத்தில் இருப்பது:

"சர்க்யூட் யாரு போட்டது?"

"நான்தாங்க. அஞ்சு வருஷமா இதே வேலையாக் கெடந்து போட்டது."

"ஸ்டேஷன்காரர் ஒருத்தர் உங்ககூட இருக்கார்னு சொன்னாங்களே?"

"அவரா?" ஒரு சிரிப்பு. "நாளெல்லாம் கட்டுக்கட கட்டுக்கடன்னு தட்டிக்கினு கெடக்கற ஆளுங்க. நான் சொல்றத நோட்டுல எழுதி வெப்பாரு. கையெழுத்து நல்லா இருக்கும், அவ்ளோதான். லீவு நாள்ல வந்து ஈயம் உருக்கிக்கினு ஒக்காந்திருப்பாரு. கொழந்த குட்டி இல்ல, பாண்டிச்சேரில டாக்டரே கைய விரிச்சிட்டான். பாவம், பொழுது போவணுமில்ல?"

"அவர் ஒண்ணும் பங்கு கேக்கமாட்டாரே?"

"அவரா கேப்பாரு? ரெண்டு வாட்டி அண்ணேன்னு கூப்ட்டா போதுங்க. மீதி வேலைய அவரே செஞ்சிடுவாரு."

அத்தனையும் தெரு முழுவதும் போயிற்று. டீக்கடைக்காரர் கொம்பை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"யாரோ ஒரு கேனையன நல்லா வேல வாங்கறானுங்க," என்றார். பெஞ்சில் இருந்த இருவரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீ ஆறுது, குடிங்கண்ணே," என்றார்.

எழுதியதை அப்போதுதான் படித்தேன். படித்த பிறகுதான் புரிந்தது. டீயைக் குடித்தேன், மிச்சம் வைக்கவில்லை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அந்த நிமிடத்தில்கூட என் மனதின் ஓர் ஓரம், எட்டு அடி தூரத்தில் துணியைத் தாண்டி இவ்வளவு தெளிவாக எடுக்கிறதே என்று மகிழ்ந்தது. மறு ஓரம் இனி எந்த நாளிலும் இந்தத் தெருவில் நடக்க முடியாது என்று நினைத்தது. நண்பர் என் சர்க்யூட்டைத் தன்னுடையது என்று சொன்னதை ஒருவேளை பேராசை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பாண்டிச்சேரியை அதற்குள் கொண்டுவர வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

பந்தலுக்குத் திரும்பினேன். மைக்கின் தலை தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. மேலே அவருடைய துண்டு. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார்.

"எப்பிடி கேக்குதுண்ணே?"

"எல்லாம் தெளிவா கேக்குது," என்றேன்.

துண்டை எடுத்து மடித்து அவரிடம் கொடுத்தேன். மைக்கை நிமிர்த்தினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மைக்கைத் தூங்க வைத்துவிட்டதாக நினைத்துப் பேசியவர் அவர்.

மெட்ராஸ்காரர் கையில் என் தாள் இருந்தது. வலது கீழ் மூலையில் கட்டம் இல்லை. கிழித்திருந்தால்கூட ஏதோ தவறு என்று நினைத்திருக்கலாம். கத்தரியால், கோணம் பிசகாமல் வெட்டியிருந்தது. சொன்னேனே, அவருக்கு விரல்கள் நன்றாக வாய்த்திருந்தன.

"இதுல நம்பர்தான் இருக்கு, மதிப்பு இல்லியே?" என்றார் மெட்ராஸ்காரர்.

நண்பர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "அண்ணன் நோட்டுல குறிச்சி வெச்சிருப்பாரு. குடுங்கண்ணே."

ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். கேட்டதை அங்கேயே படித்துக் காட்டியிருக்கலாம். மெட்ராஸ்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் விவரம் தெரிந்தவராகத்தான் இருந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பட்டியல் முழுவதையும் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பதினான்கு வரிகள். பதின்மூன்று சரி. ஏழாவது வரியில் நூறு என்பதில் ஒரு பூஜ்யத்தைக் குறைத்தேன்.

அவர் வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தார். ஏழாவது வரியில் நிறுத்தினார்.

"பத்து மெகோம்?"

"பத்து," என்றேன்.

எதிர்முனை எண்ணைத் திருப்பிக் கேட்டது, நான் அதை உறுதி செய்தேன். என் வேலைக்காலத்தில் நான் தெரிந்தே அனுப்பிய பொய் எண் அது ஒன்றுதான்.

கச்சேரிக்கு இருக்கச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு மாலைப் பாசஞ்சருக்கு வந்துவிட்டேன். வண்டி இருபது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் நின்றபோது தொலைவில் அந்தப் பாட்டு கேட்டது. பாடிய பெண்மணியின் குரல் முழுக் குரலாக, அடிப்பகுதி கெடாமல் வந்தது. அந்த மைக் ஊருக்கு முன்னால் பாடியது அந்த ஒரு நாள்தான். அதையும் நான் ரயில் இரைச்சலுக்கு நடுவில்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எப்பிடி இருந்திச்சி?" என்றாள். "நல்லா இருந்தது," என்றேன். அதன் பிறகு ஓய்வு நாட்களில் நான் திண்டிவனம் போகவில்லை. இரண்டு வாரம் காரணம் கேட்டாள். மூன்றாவது வாரம் கேட்கவில்லை.

நண்பர் வந்தது ஐப்பசியில், நல்ல மழைநாளில். ஸ்டேஷனில் என் மேசைக்கு முன்னால் துணிப்பையோடு நின்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆளையே காணோம்."

"வேலை."

"மெட்ராஸ்ல மூணு செஞ்சி பாத்துட்டாங்க. மூணும் கொசு கத்தறாப்புல கத்துது. அந்த ஆளு என்னைப் பாத்து, நீதானே சர்க்யூட் போட்டே, நீயே சொல்லுன்றான். நான் இன்னாத்தச் சொல்ல? நம்ம மைக்கப் பிரிச்சி அந்தப் பென்சில் கோடு போட்ட மைக்காத் துண்ட அளந்து பாக்கலாம்னு மெழுக சொரண்டினேன்." பையைத் திறந்து காட்டினார். பென்சில் கோடு மெழுகோடு உரிந்து வந்திருந்தது. "இப்ப இதுவும் செவுடாப் பூடுச்சி. ஒங்க நோட்டக் கொஞ்சம் பாருங்கண்ணே."

நாட்குறிப்பை மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். எடுத்து, அந்த இடத்தில் விரித்து, அவர் படிக்கும்படி திருப்பி வைத்தேன். இடது பக்கத்தில் பட்டியல். வலது பக்கத்தில், டீக்கடையில் எழுதியதைப் பிரதியெடுத்தது.

முதலில் இடது பக்கத்தைத்தான் படித்தார். விரல் ஏழாவது வரியில் நின்றது.

"நூறா?" என்றார். "பத்துன்னு குடுத்தீங்களே?"

"ஆமா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

பிறகு வலது பக்கத்துக்குப் போனார். மெதுவாகப் படிப்பவர், உதடு அசையும். 'அவரா' என்ற இடத்தில் உதடு நின்றது. கடைசிவரை கண்ணால் படித்தார். நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கத்திலிருந்து ஏதோ செய்தி வந்தது; எழுதி முடித்தேன். நிமிர்ந்தபோது அவர் இன்னும் அதே பக்கத்தில் இருந்தார்.

"துண்டு போட்டுத்தானேண்ணே வெச்சிருந்தேன்," என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மன்னிப்புக்கு ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் முகத்தில் இருந்தது, வேலை எங்கே பிசகியது என்று தெரியாத தொழிலாளியின் திகைப்பு மட்டுமே.

"கவுத்தா தூங்கறது கார்பன் மைக்," என்றேன். "இதுல கரி இல்ல."

தலையசைத்தார். ஐந்து வருடம் என்னிடம் ஒவ்வொன்றையும் கேட்டு அசைத்த அதே அசைப்பு. பையை மேசையிலேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. திண்டிவனம் வழியாகப் போகும்போது வண்டியின் மறுபக்கத்தில் உட்காருகிறேன்.

அன்று வேலை முடியும் முன், மெட்ராஸ்காரருக்கு நானே ஒரு தந்தி எழுதினேன். ஏழாவது வரி பத்து அல்ல, நூறு என்று. விதிப்படி முடிவில் அந்த எண்ணை மறுபடி எழுதினேன். அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முழுவதுமாக எழுதி, நானே அடித்தேன். என் கை வழியாகப் போன செய்திகளில் என் சொல்லும் என் பெயரும் சேர்ந்து போனது அது ஒன்றே.

பதினோரு வருடம் ஆகிறது. எதிர்முனையிலிருந்து அந்த எண் இன்னும் திரும்பி வரவில்லை.